சேலத்துக்கு மலை வழியாக

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் கொஞ்ச நாளைக்கு வண்டி மட்டும் ஓட்ட வேண்டாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருஷமாக நீண்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆக்டிங் டிரைவருக்கு போன் போட்டு, அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போய், நான் ஆட்டோ பிடிக்க ஓடி அலுத்துப்போனேன். ஒரு நாள் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் நின்றேன்.

"பையன சேக்கணுமாம்மா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"என்னைய சேத்துக்கங்க" என்றேன்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பைப், மோட்டார் சாமான் கடை. கால் சரியில்லாத அந்த நாட்களில் கடையிலும் பாதி நேரம் நான்தான் உட்கார்ந்தேன். கடையும் வண்டியும் என் கைக்கு வந்ததில் வீட்டில் ஒருவருக்குத்தான் வருத்தம். என் வீட்டுக்காரரின் அக்கா. நாங்கள் மச்சி என்று கூப்பிடுவோம். புருஷன் மவுத்தாகித் தனியாளான பிறகு எங்களோடுதான் இருக்கிறார்கள், பதினேழு வருஷமாக. "பர்தா போட்டுக்கினு ஸ்டேரிங் புடிக்கறா, ஊரே பாக்குது" என்று முதல் மாதம் முழுக்கச் சொன்னார்கள். அப்புறம் அவர்களுக்கே பல்வலி வந்தது. பல் டாக்டரிடம் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நிறுத்தவில்லை.

போன வருஷம் சேலத்தில் பெரிய மச்சான் மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். பெரிய மச்சான் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். சேலத்தில் செருப்புக் கடை வைத்து நன்றாக இருக்கிறார். குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்கு சின்னசேலம், ஆத்தூர் வழியாக பைபாஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். எல்லாரும் அப்படித்தான் போவார்கள்.

எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது. கல்வராயன் மலை மேல் ஏறி, வெள்ளிமலை தாண்டி, கருமந்துறை வழியாக அந்தப் பக்கம் இறங்கினாலும் சேலம்தான். நான் பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இந்த ஊரில். மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மேற்கே அந்த மலை தெரியும். ஆம்பளைகள் பைக்கில் போய் அருவியில் குளித்துவிட்டு வருவார்கள். என் வீட்டுக்காரரே கல்யாணத்துக்கு முன்னால் நாலைந்து தடவை போனவர். நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. யாரும் போகக்கூடாது என்று தடுக்கவில்லை. கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. இப்போது வண்டி என் கையில் இருந்தது.

வெறும் மலை பார்க்க மட்டும் இல்லை. மேலே காட்டுமாடு இருக்கிறது என்று கடைக்கு வருகிற மலைக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். யானை அளவுக்குப் பயப்படுத்தும், ஆனால் பார்க்க அவ்வளவு அழகு என்பார்கள். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துவிட்டேன். நினைத்தது நினைத்ததுதான்.

மூன்று வாரம் திட்டம் போட்டேன். ஊற்றுத் தண்ணீரைக் காட்டுக்கு இழுக்கக் கருப்பு ஓஸ் வாங்க வரும் பெரியவர் ஒருவர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் மரவள்ளி போட்டிருக்கிறார். அவர் வந்த அன்று ஓஸை அளந்துகொண்டே கேட்டேன்.

"காட்டுமாடு எங்கங்க தண்ணி குடிக்கும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாத்துக்கு பாயம்மா கேக்கறீங்க?"

"பாக்கணும். அதுக்குத்தான்."

கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுச் சொன்னார். "மலையில இருந்து எறங்கி வந்தா எங்கள கேக்கறது ரெண்டே கேள்விதாம்மா. தேன் இருக்குதா, சாராயம் இருக்குதா. மாடு எங்க தண்ணி குடிக்குதுன்னு நீங்கதான் மொத ஆளு கேக்கறீங்க."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவரே கோடு போட்டு வழி வரைந்து கொடுத்தார். வெள்ளிமலை தாண்டி ரோடு இறங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு இந்தாண்டயே வண்டியை நிறுத்த வேண்டும். இன்ஜினை அணைத்துவிட வேண்டும். யாரும் இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். ஓடைக்கு அந்தப்பக்கச் சரிவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "வந்தா வரும், வராட்டி இல்ல. அது நம்ம வூட்டு மாடு இல்ல" என்றார்.

அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்தேன். மலைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் ஒருவர் கடைக்கு வால்வு வாங்க வந்தபோது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிக் கேட்டு வைத்தேன். "ஏர்றவங்களுக்குத்தான் வழி விடணும். நீங்க பயந்துக்கினு நடுவுல நிறுத்திடாதீங்க" என்றார். கோமுகி அணை வரைக்கும் இரண்டு தடவை தனியாக ஓட்டிப் பார்த்தேன். டயரை மாற்றினேன். எல்லாம் முடித்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. "அண்ணன் இன்னா சொல்லுவாரோ" என்றார். அவருடைய எல்லாப் பயமும் அந்த ஒரு வார்த்தையில்தான் முடியும். மச்சி, "நிச்சயத்துக்குப் போறமா, மாடு மேய்க்கப் போறமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அன்று சாயந்தரம் பெரிய மச்சானுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார் என் வீட்டுக்காரர்.

"மலை வழியாவா? அதுவும் பொம்பள ஓட்டிக்கினா?" என்று ஆரம்பித்தார் அவர். "இன்னாடா இருக்குது அந்த மலையில? சாராயம் காய்ச்சறத வேடிக்கை பாக்கப் போறீங்களா? வர்றப்ப ரெண்டு பாக்கெட் வாங்கிக்கினு வாங்க, மாப்ள வூட்டுக்கு சீர் வெச்சிடலாம்." அவரே சொல்லி அவரே சிரித்தார். அந்தப்பக்கம் யாரோ சேர்ந்து சிரித்தார்கள்.

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த அந்த வருஷத்துக்குப் பிறகு, கள்ளக்குறிச்சி என்று சொன்னாலே வெளியூரில் இந்தச் சிரிப்பு வரும். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், கல்யாண வீட்டில் என்று எங்கேயும். எங்கள் கடையில் தினமும் காலையில் முதல் போணி செய்கிற பிளம்பர் ஒருவர் இருந்தார். அரை இன்ச் எல்போ, டீ, டேப் என்று வாங்கிக்கொண்டு, "வரேன் பாயம்மா" என்று போவார். அந்த வாரம் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவர் கடைசியாகச் சொல்லி வைத்திருந்த குழாய் ரொம்ப நாள் ரேக்கிலேயே கிடந்தது. அதை வேறு யாருக்கும் எடுத்துக்கொடுக்க எனக்குக் கை வரவில்லை. சிரிக்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. மலையென்றால் சாராயம், கள்ளக்குறிச்சியென்றால் சாவு. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

"மச்சான்" என்றேன் போனில். "நாங்க மலை வழியாத்தான் வர்றோம்."

பதிலுக்குக் காத்திருக்காமல் நானே கட் செய்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மச்சி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நிச்சயத்தன்று விடியுமுன்னே பஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். டிக்கியில் சீர் சாமான், லட்டு டப்பாக்கள், புடவைப் பைகள். முன் சீட்டில் என் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் மச்சி, மடியில் பூக்கூடையோடு. வடக்கனந்தல் தாண்டும்போது விடிந்திருந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் எதிரே வந்தன.

மலை அடிவாரத்தில் செக்போஸ்ட். அந்த வருஷத்துக்குப் பிறகு சோதனை ஜாஸ்தி. கான்ஸ்டபிள் என் பக்கம் வராமல், சுற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கம் போனார்.

"எங்க பாய் போறீங்க?"

"சேலம்."

"சேலத்துக்கு இந்தப் பக்கமா? பைபாஸ் இருக்குதே."

என் வீட்டுக்காரர் திணறினார். நான் குனிந்து, "காட்டுமாடு பாக்கப் போறோங்க" என்றேன்.

அவர் அப்போதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பதைப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். லட்டு டப்பா வரைக்கும் திறந்து பார்த்தார். அது அவர் வேலை, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நோட்டை நீட்டினார். பெயர், வண்டி எண், எதற்காகப் போகிறோம். மேலே இருந்த வரிகளில் சொந்த வேலை, சொந்த வேலை என்றே எழுதியிருந்தது.

"நீங்களும் சொந்த வேலைன்னு போடுங்க, போதும்" என்றார்.

நான் 'காட்டுமாடு பார்க்க' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த மலைக்கு மாடு பாக்கன்னு யாரும் வந்தது இல்லம்மா."

"இப்ப வந்திருக்கோம் இல்ல" என்றேன்.

மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. முதல் நாலு வளைவும் நன்றாகத்தான் போனது. ஐந்தாவதில் பாதி திரும்பியிருக்கிறேன், மேலேயிருந்து பஸ் இறங்கி வந்து முன்னால் நின்றது. பதற்றத்தில் கிளட்சை விட்டுவிட்டேன். இன்ஜின் நின்றுவிட்டது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் என் வீட்டுக்காரரின் கை ஹேண்ட் பிரேக்குக்கு வந்துவிட்டது. "நான் சொன்னேன் இல்ல, நான் சொன்னேன் இல்ல" என்று அவர் வாய் முணுமுணுத்தது. பஸ் முழுக்க ஜனம், எல்லாம் கண்ணாடி வழியாக எங்களைத்தான் பார்த்தது.

அப்போது பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"டேய், கைய எடுடா. ஓட்டறது அவ."

மச்சிதான். என் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். பதினேழு வருஷத்தில் மச்சி என் பக்கம் நின்று பேசி நான் கேட்டதில்லை. பஸ் டிரைவர் பொறுமையாக ஒதுங்கி நின்று, கையை அசைத்து வரச் சொன்னார். பிரேக்கை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரைக் கொடுத்து ஏறினேன். மச்சி ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு, பெரியவர் வரைந்த தாளைப் பார்த்துப் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். இன்ஜினை அணைத்தேன். ஓடை சலசலத்தது. எதிர்ச் சரிவில் பனி மூடியிருந்தது. காத்திருந்தோம். குரங்குகள் வந்து பானெட் மேல் உட்கார்ந்து எங்களை ஆராய்ந்துவிட்டுப் போயின. ஒரு மயில் ரோட்டைக் கடந்தது. பனி விலகியது. சரிவு காலியாக இருந்தது.

முக்கால் மணி நேரம். என் வீட்டுக்காரர் நாலு தடவை மணி பார்த்தார். மூன்று வாரம் திட்டம் போட்டு, எல்லாரையும் எதிர்த்துக்கொண்டு வந்து, ஒரு பாலத்தில் குரங்கு பார்த்துவிட்டுப் போவதா?

விறகு சுமந்துகொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லம்மா. காட்டுமாடு பாக்க வந்தோம்."

மூத்தவள் விறகுக்கட்டை இறக்காமலே சிரித்தாள். "நேத்து வந்து எங்க கேவுர ஒரு மூலை பூரா தின்னுட்டுப் போச்சு. அத வெரட்டவே எங்களுக்கு முடியல. அத பாக்கவா காரு எடுத்துக்கினு வந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் கேழ்வரகுக் கொல்லையைத் தின்ற மாடுதான் எனக்கு வேடிக்கை. "உங்களுக்கு ரொம்ப நஷ்டமாம்மா?" என்றேன்.

"இன்னா பண்றது? அதுவும் இங்கதான இருக்குது, நாங்களும் இங்கதான இருக்கறோம்" என்றாள் அவள். பிறகு கை நீட்டிக் காட்டினாள். "இங்க இருக்காதீங்க. ரெண்டு நாளா ஓடைக்கு வரல. கருமந்துறை ரோட்ல மெதுவா போங்க. கொல்லைக்கு மேல் சரிவுல மேஞ்சிக்கினு இருக்கும். பக்கத்துல போயிடாதீங்க, கன்னு வெச்சிருக்குது."

மெதுவாகப் போனேன். ஒரு திருப்பத்தில் மச்சி என் தோளைப் பின்னாலிருந்து அழுத்தினார்கள்.

சரிவில் ஐந்து நின்றன. கரும்பாறைகள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒரு பாறை தலையைத் தூக்கியது. என்ன உடம்பு அது! திமில் முதுகு பூராவும் ஓடி, எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னியது. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு சாக்ஸ் மாட்டிவிட்ட மாதிரி. நடுவில் செந்நிறத்தில் ஒரு கன்று, தாயின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைத்தேன். "மாஷா அல்லாஹ்" என்றார்கள் மச்சி, மூச்சுக்குள்ளேயே.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். இத்தனை தடவை மலை ஏறியும் அவரும் பார்த்ததில்லையாம். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ஐந்து தலையும் ஒரே சமயத்தில் எங்கள் பக்கம் திரும்பின. அவர் அவசரமாக எடுத்துப் பார்த்தார். அண்ணன். கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அண்ணன் போனை அவர் எடுக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை. கட் செய்தார். மறுபடி அடித்தது. போனையே ஆஃப் செய்து டாஷ்போர்டுக்குள் போட்டு மூடினார்.

"நிச்சயம் நாம இல்லாட்டியும் நடக்கும்" என்றார் மெதுவாக.

வெயில் சரிவுக்கு ஏறி, அவை ஒவ்வொன்றாக மரங்களுக்குள் போகும் வரைக்கும் இருந்தோம். கன்று கடைசியாகப் போனது.

கிளம்பும்போது மச்சி கதவைத் திறந்து இறங்கினார்கள். "டேய், நீ பின்னாடி வா. நான் முன்னாடி உக்காந்துக்கறேன்" என்றார்கள். தன் வாழ்நாளில் கார் முன் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் சொன்னார்கள். முன் சீட்டு ஆம்பளைங்க சீட்டாம்.

சேலத்தில் மண்டப வாசலில் நாங்கள் போய் நின்றபோது, மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஜனம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. முன்னால் இரண்டு பொம்பளைகள், பின்னால் லட்டு டப்பாக்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர். பெரிய மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார்.

"மணி இன்னா ஆச்சு? போனை எதுக்கு ஆஃப் பண்ண?" என்று தம்பியைக் கேட்டார். பிறகு பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டு ஆட்களைப் பார்த்து, "இவங்க கள்ளக்குறிச்சி இல்ல, சாராய மலைய சுத்திக்கினு வந்திருக்காங்க" என்று சிரித்தார். அவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

எனக்கு அங்கே எல்லாரும் இருப்பது தெரியும். சத்தம் போடக் கூடாது என்பதும் தெரியும்.

"மச்சான், எங்க ஊர்ல செத்தவங்கள்ள எங்க கடைக்கு தெனம் வர்றவர் ஒருத்தர் உண்டு" என்றேன். "இனிமே இந்தச் சிரிப்ப எங்க முன்னாடி சிரிக்காதீங்க. மலைக்கு நாங்க காட்டுமாடு பாக்கப் போனோம். அஞ்சு பாத்தோம். லேட்டா வந்தது தப்புதான், அதுக்குத் திட்டுங்க, கேட்டுக்கறேன்."

அவர் முகம் சிவந்தது. தம்பியைப் பார்த்தார். தம்பி லட்டு டப்பாவை இறக்கிக்கொண்டே, "அவ சொல்றது சரிதான்ணே" என்றார். புது சம்பந்தியான மாப்பிள்ளையின் அத்தாதான் நிலைமையைச் சமாளித்தார். "அஞ்சா? நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டே எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சாப்பிட்டு முடிப்பதற்குள் பொம்பளைகள் பக்கம் மச்சியைச் சுற்றி ஒரு கூட்டம். காட்டுமாட்டின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் உயரம் கொஞ்சம் ஏறியது.

திரும்பும்போது பைபாஸிலேயே வந்தேன். தன் பேச்சுக்குப் பயந்துதான் என்று பெரிய மச்சான் நினைத்திருப்பார். இருட்டுகிற நேரத்தில் காட்டுமாடுகள் ரோட்டுக்கு வரும், எனக்கு அந்த நேரத்தில் வளைவு ஓட்ட இன்னும் கை பழகவில்லை. அதனால் நானே முடிவு செய்தேன். பெரிய மச்சான் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. அப்புறம் நிக்காஹ் பத்திரிகை கொடுக்க வந்தபோது பேசினார். மலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இப்போது என் வீட்டுக்காரருக்குக் கால் சரியாகிவிட்டது. பைபாஸ் என்றால் அவர் ஓட்டுகிறார். மலைக்கு நான்தான். இதுவரை மூன்று தடவை போய்விட்டேன். கடைசித் தடவை மச்சியோடு எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். அன்றைக்கு மாடு வரவில்லை. கேவுரு போட்ட அந்த அம்மாவைத் தேடிப்போய்ப் பேசிவிட்டு, பலாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தோம்.

தெருவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பொம்பளைகளாகச் சேர்ந்து காட்டுக்குப் போவது நன்றாகவா இருக்கிறது என்று ஒருவர் கடைக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

"மதியத்துக்கு மேல கடையில அவதான் இருப்பா. அவகிட்டயே கேளுங்க" என்றாராம் இவர்.

மதியத்துக்கு மேல் நான் தினமும் கடையில்தான் இருக்கிறேன். யாரும் வந்து கேட்கவில்லை.